மடியில் இருநூற்றுப் பதின்மூன்று

எண்டரைத்தான் தட்டியிருப்பேன். வேறு எதைத் தட்டப்போகிறேன். ஒன்பது வருஷமாக அண்ணாச்சியின் டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்த கை இது. திரையில் எந்தப் பெட்டி முளைத்தாலும் இந்தக் கைக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். அண்ணாச்சி காசு கொடுக்காமல் எங்கிருந்தோ ஏற்றிக்கொண்டு வந்த தமிழ் எழுத்து மென்பொருள், நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்று கால்மணிக்கு ஒரு தரம் ஒரு பெட்டியை நீட்டும், எண்டர். பிரிண்டரில் மை குறைகிறது, எண்டர். தாள் சிக்கிக்கொண்டது, அதற்கும் எண்டர், தாள் என்னமோ சிக்கியபடிதான் இருக்கும். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத் தட்ட அது என்ன பத்திரப்பதிவா. ஆனால் இன்றைக்கு வந்தது வழக்கமாக வருகிற பெட்டி இல்லை. புதுப் பெட்டி. கொஞ்சம் நீளம். அதில் 'எரேஸ்', அதாவது அழி, என்று ஒரு சொல் இருந்த மாதிரி இருக்கிறது. இருந்ததா, அல்லது பயத்தில் நானே இப்போது அடித்துச் சேர்த்துக்கொண்டேனா. வருஷத்தில் இரண்டு தடவை எஸ்கேப்பும் தட்டுவேன், இன்றைக்கு அந்த இரண்டில் ஒன்றாக இருக்கக் கூடாதா. மாதாவே, இருக்கட்டும். சுண்டுவிரலை முழங்காலில் தட்டித் தட்டிப் பார்க்கிறேன். எண்டர் என்றால் வலது கைச் சுண்டுவிரல், எஸ்கேப் என்றால் இடது கை. இடது கையில் அப்போது என்ன இருந்தது. டீ கிளாஸ். போச்சு. இல்லை, டீ அதற்கு முந்தியே குடித்துவிட்டேன். மினிபஸ்ஸில் என் மடியிலிருக்கும் மகள் ஆன்சி, நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து அவளும் என் முழங்காலில் தட்டுகிறாள். நாலு பல்லையும் காட்டிச் சிரிக்கிறாள். உன்னைத்தாண்டி அழித்தேனோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ சிரி.

பாட்டுப் பிளேயரை மறுபடியும் கைப்பையிலிருந்து எடுக்கிறேன். தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவு, வெள்ளி நிறம், இரண்டு வரி மட்டும் தெரிகிற நீலத் திரை. பொத்தானை அழுத்தினால் வணக்கம் சொல்லிவிட்டு, பாட்டு எதுவும் இல்லை என்கிறது. அதை நம்பி அழவும் முடியாது. ஏனென்றால் போன மாசமும் அதைத்தான் சொன்னது, அதற்கு முந்தின மாசமும். அதற்குப் பாட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வீடியோவை உள்ளே போட்டால், யாரோ மூட்டையை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பேசாமல் வைத்துக்கொள்ளும், காட்டத் தெரியாது. எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லவும் வாயில்லை. இருநூற்றுப் பதின்மூன்று வீடியோவும் உள்ளே இருந்தாலும் பாட்டு இல்லை, ஒன்றுமே இல்லாமல் துடைத்துப் போட்டிருந்தாலும் பாட்டு இல்லை. இப்படி ஒரு கமுக்கமான சாமானை நான் பார்த்ததே இல்லை. என் மாமியார்கூட முகத்தில் ஏதாவது காட்டிவிடுவாள்.

இது அவருடைய பிளேயர். இஞ்ஞாசி என்று ஊரே கூப்பிடுகிற என் புருஷன் சிங்கப்பூரில் வாங்கி வந்தது, இருபது ஜி.பி., உள்ளே சின்னதாக ஒரு ஹார்டு டிஸ்க் சுற்றுகிறது என்று காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். பிள்ளை பிறந்து இருபதாம் நாள் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது, நீ பாட்டுக் கேளு ஜெனோவா என்று எனக்கே விட்டுவிட்டுப் போனார். நான் எங்கே பாட்டுக் கேட்டேன். கேமராவில் பிள்ளையை எடுக்கிற வீடியோவைக் கப்பலுக்கு அனுப்பியாக வேண்டும், முதல் தடவை சி.டி.யில் போட்டு அனுப்பினேன். எங்கள் பக்கத்தில் கப்பலுக்குப் போகிற எவன் பெட்டியிலும் பாதிதான் அவனுடையது, மீதி அங்கே ஏற்கெனவே இருக்கிறவர்களின் வீட்டிலிருந்து வந்தது, யாரும் முடியாது என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது, நாளைக்கு அவன் வீட்டுப் பார்சலையும் யாராவது தூக்க வேண்டுமே. அந்தப் பெட்டியில் என் நாலு சி.டி.க்குப் பக்கத்தில் மாமியார் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயை வைத்தாள். கொழும்பைத் தாண்டும்போதே மூடி கழன்றுவிட்டது. சி.டி.யை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஓடவில்லை, ஊறுகாய் மட்டும் நன்றாக இருந்தது என்று போனில் சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்தப் பிளேயர். கம்ப்யூட்டரில் சொருகினால் இதுவும் ஒரு டிரைவ் என்று காட்டுகிறது, எதை வேண்டுமானாலும் போடலாம் என்று நானாகக் கண்டுபிடித்தேன். மாசத்துக்கு ஒரு தரம் கடைக்குக் கொண்டுபோய் கேமராவில் இருப்பதை இதில் ஏற்றுவேன். இடம் போதாவிட்டால் அவருடைய பாட்டில் இருபது முப்பதை அழிப்பேன். இப்படியே பாட்டெல்லாம் போய் அந்த இடத்தில் பிள்ளை உட்கார்ந்துகொண்டாள். கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்திருக்கலாம்தான். அண்ணாச்சி விடுவாரா. கஸ்டமர் ஃபைலுக்கே இடமில்ல, ஒம் பிள்ள மூஞ்சிய வேற வைக்கணுமா என்பார். அதனால் காப்பி இல்லை, கட். கட், பேஸ்ட். கேமராவில் இருக்காது, கடையில் இருக்காது, வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. பதினோரு மாசம் மொத்தமும் இந்த வெள்ளித் தீப்பெட்டிக்குள் மட்டும்தான். இதை இப்படி அடுக்கிச் சொல்லிப் பார்த்தால் எனக்கே என்னை இரண்டு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

மினிபஸ் ரெண்டாம் ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. கேட் போட்டாயிற்று. மணி மூன்றேகால். அவருடைய கப்பலில் சேரப்போகிற தம்பி பிரின்ஸ்டன் பிரையண்ட் நகரில் இருக்கிறான், நாலரைக்கு வேன் வந்துரும் மதினி, அதுக்குள்ள குடுத்துருங்க என்று காலையில் போன் பண்ணினான். மத்தியானமே கொடுத்திருப்பேன். நேற்றுச் சாயங்காலம் இவள் நடந்துவிட்டாள். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்டாள், எட்டு எடுத்து வைத்தாள், எட்டையும் எண்ணினேன், எட்டாவதில் தொப்பென்று உட்கார்ந்தாள். நல்லவேளை கேமரா கையில் இருந்தது. அந்த ஒரு வீடியோவையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று ஆசைப்பட்டுக் கடைக்கு ஓடினேன். என் கம்ப்யூட்டரில் அண்ணாச்சி உட்கார்ந்து ஒரு கருமாதிப் பத்திரிகைக்கு மாலைப் படம் தேடிக்கொண்டிருந்தார். மூலையில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன், அதில் இந்தப் பிளேயரை ஒருநாளும் சொருகினதில்லை. நடந்த வீடியோவைக் கேமராவிலிருந்து கட் பண்ணி டெஸ்க்டாப்பில் வைத்தேன். பிளேயரைச் சொருகினேன். பாட்டுக்கான மென்பொருள் ஒன்று தானாகத் திறந்தது, யார் கூப்பிட்டது அதை, அதுதான் அந்த நீளப் பெட்டியை நீட்டியது. கை தட்டியது. தட்டின நொடியில் கரண்டு போனது. ரெண்டு மணி, எங்கள் பக்கத்துக்கு மின்வெட்டு நேரம், நாலு மணிக்குத்தான் வரும், தெரிந்த விஷயம்தான், பிள்ளை நடந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். இருட்டில் அண்ணாச்சி, போச்சா, சேவ் பண்ணலியே என்று மாலைக்காக வருத்தப்பட்டார். ஆக, நடந்தது டெஸ்க்டாப்பில் மாட்டிக்கொண்டது, நடக்காததெல்லாம் மடியில் இருக்கிறது. இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒருதரம் இதே சுண்டுவிரல் ஞானஸ்நானப் பத்திரிகை ஒன்றைத் தின்றிருக்கிறது. இதே பெயரில் பழைய ஃபைல் இருக்கிறது, அதன் மேலேயே எழுதட்டுமா என்று கேட்டதற்கு எண்டர் தட்டி, அந்த இடத்தில் ஜவுளிக் கடைத் தள்ளுபடி நோட்டீஸ் உட்கார்ந்துவிட்டது. மறுபடி முழுக்க அடித்துக் கொடுத்தேன். பத்திரிகையை மறுபடி அடிக்கலாம். இவளை எப்படி அடிக்கிறது. சரி, போனதாகவே வைத்துக்கொள்வோம், எனக்கு எத்தனை ஞாபகமிருக்கிறது என்று பார்ப்போம், வாயாலேயே சொல்லி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன. ஒன்று, தூங்குகிறாள், நாலு நிமிஷம், வேறெதுவும் இல்லை. இரண்டு, தூங்குகிறாள். மூன்றும் அதுதான், அந்த மாசம் அவளுக்கு வேறு வேலை இல்லை. பதினேழோ பதினெட்டோ, தும்முகிறாள், தும்மலுக்குப் பயந்து அவளே அழுகிறாள். நாற்பதில் குப்புற விழுந்தாள். இல்லை, விழுந்தது முப்பத்தெட்டு, நாற்பதில் குப்புற விழுந்தவள் திரும்பத் தெரியாமல் கோபப்படுகிறாள். ஐம்பதுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ முழுக்கத் தரைதான், ஓடுகிறது என்று தெரியாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போயிருக்கிறேன், பால் பொங்குகிற சத்தம் கேட்கும். அதை அழிக்கலாம் என்று எத்தனை தடவை நினைத்தேன், ஒன்றும் விடாம அனுப்பு என்று அவர் சொன்னதால் வைத்திருக்கிறேன். தவழ ஆரம்பித்தபோது இவளுக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் விழுந்தது, ஒரு வாரம் பின்பக்கமாகவே போய்க் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கத்தினாள், அது எண்பதா தொண்ணூறா. நூற்றுக்கு மேல் ஒன்றும் வரிசையாக வரமாட்டேன் என்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே பிள்ளையாகிவிட்டது, இப்போது மடியில் இருக்கிற இந்தப் பிள்ளை. மூன்றாம் மாசத்து முகம் எப்படி இருந்தது என்று கண்ணை மூடிப் பார்க்கிறேன், இவள் முகம்தான் வருகிறது. தினமும் பார்த்த எனக்கே இந்தக் கதி. பார்க்காதவருக்கு நான் என்னத்தை எழுதிக் கொடுக்க.

பக்கத்து இருக்கைப் பெரியவர் ரொம்ப நேரமாகப் பிளேயரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்ஸ் வண்டி இன்னும் தலைகூடக் காட்டவில்லை, அவருக்கும் பொழுது போக வேண்டும்.

"ரேடியோவாம்மா அது?"

"இல்லங்கய்யா, பாட்டுக் கேக்குற பெட்டி."

"அப்ப ஒரு பாட்டு வையேன். கேட் தொறக்குற வரைக்கும் கேப்பம்."

"இதுல பாட்டு இல்லங்கய்யா. எம் பிள்ளதான் இருக்கா."

அவர் பிளேயரைப் பார்த்தார், ஆன்சியைப் பார்த்தார். "அப்ப மடியில இருக்கது யாரு?" என்றார்.

சிரித்துவிட்டேன். அழுகிற நேரத்தில் இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. பதினோரு மாசமாக எனக்கு இதே வியாதிதான். அவளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு அடித்த அன்றைக்கு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் எட்டிப் பிடித்து மென்றாள், அந்தப் பயத்திலும் சிரித்தேன், டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் புருஷனுக்குக் கப்பலில் ஒன்பது மாச ஒப்பந்தம், மாற்றாள் வரவில்லை என்று இழுத்துக்கொண்டே போகிறது, இன்னும் ரெண்டு மாசம் என்கிறார். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஐந்து நிமிஷம் பேசுவார். எத்தன பல்லு. தவழுதாளா. என்ன சாப்பிட்டா. வெளிக்கு ஒழுங்காப் போனாளா. இவ்வளவையும் கேட்டு முடிக்க ஐந்து நிமிஷம் சரியாக இருக்கும். போன தடவை மட்டும் வேறு ஒன்று கேட்டார். நான் வந்து தூக்குனா அழுவாளோ என்றார். நான் ஏதோ சமாளித்தேன், ஆனால் அழுவாள், எனக்குத் தெரியும், பால்காரர் தொப்பி போட்டு வந்தாலே அழுகிறவள். அவளுக்கு அவரைத் தெரியாது, அது போகட்டும், பழகிக்கொள்வாள். அவருக்கும் அவளைத் தெரியாமல் போய்விடக்கூடாதே. வீட்டுக்குள் நுழைந்து, யாரோ ஒரு பிள்ளை நிற்கிறது என்று முழிக்கக் கூடாது. நடுவில் என்ன நடந்ததென்று பார்த்திருந்தால், ஓ, அந்தத் தும்மின கழுதை இதுதானா என்று உரிமையோடு தூக்குவார். அதற்குத்தான் இருநூற்றுப் பதின்மூன்று. அதைத்தான் ஒரு விரலால் தட்டிவிட்டேனோ என்று உட்கார்ந்திருக்கிறேன். கூட்ஸ் வண்டி வருகிறது. ஆன்சி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டாட்டா காட்டுகிறாள். எனக்கு எண்ணத் தோன்றவில்லை, சீக்கிரம் போய்த் தொலை என்றிருக்கிறது. போனது. கேட் தூக்கினார்கள். பெரியவர் இறங்கும்போது பிளேயரைப் பார்த்தே, வரட்டுமா தாயி என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பிரின்ஸ்டன் வீட்டில் கரண்டு இருக்கிறது, அவர்களுக்கு மின்வெட்டு மத்தியானமே முடிந்துவிட்டது. கூடம் முழுக்கப் பார்சல். கருவாட்டு வாசனையும் மக்ரூன் பலகார வாசனையும் சேர்ந்து அடிக்கிறது. நடுவில் திறந்த பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் எடை மிஷின், அதன் மேல் பிரின்ஸ்டன் ஒரு பொட்டலத்தை வைத்து இறக்கிக்கொண்டிருக்கிறான். அவன் பெண்டாட்டி மெர்லின், வாங்கக்கா என்று ஆன்சியை வாங்கிக்கொண்டாள். நான் முகமன்கூடச் சொல்லாமல், தம்பி, முதல்ல லேப்டாப்ப எடுங்க என்றேன். என் குரல் சரியில்லை என்று அவனுக்குப் புரிந்திருக்கும், ஏன் என்று கேட்காமல் எடுத்தான். லேப்டாப் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்தக் கூட்ஸ் வண்டி முழுசும் இன்னொரு தரம் போய் முடிந்திருக்கும். பிளேயரைச் சொருகினான். இங்கே எந்தப் பெட்டியும் வரவில்லை, வந்திருந்தாலும் நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருப்பேன். டிரைவ் என்று காட்டியது. அதைத் திறந்தான். வெள்ளையாக இருந்தது. ஒரு நொடி, ஒன்றரை நொடி, வெள்ளையாகவே இருந்தது. பிறகு மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னப் படங்கள் நிரம்ப ஆரம்பித்தன, தூங்குகிற பிள்ளை, தூங்குகிற பிள்ளை, தூங்குகிற பிள்ளை.

"இருநூத்திப் பதிமூணு மதினி. எல்லாம் இருக்கு."

விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான். "புதுக் கம்ப்யூட்டர்ல சொருகுனா, உள்ள இருக்கத அழிச்சிட்டு ஏத்தட்டான்னு கேக்கும், எண்டர்தான் தட்டிருப்பீங்க. அது அழிக்க ஆரம்பிக்கதுக்கு முந்தி கரண்டு போயிருக்கு. தப்பிச்சீங்க." ஒரு மணி நேரமாக மின்சார வாரியத்தில் ஒரு ஆளையும் விடாமல் மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்திருந்தேன், அத்தனை பேரிடமும் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அரிசி மூட்டை மாதிரி இருந்த யாருடைய பார்சல் மேலோ உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்றால் இப்படி மூச்சு வாங்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

சரியா ஓடுதான்னு பாத்துரலாம் என்று பிரின்ஸ்டன் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிப் பார்த்தான். தும்மல் ஓடியது. குப்புற விழுந்தது ஓடியது. கட்டிலுக்கு அடியிலிருந்து பின்பக்கமாக வந்தாள், மெர்லின் விழுந்து விழுந்து சிரித்தாள், ஆன்சியும் யாரோ ஒரு பாப்பாவைப் பார்த்துக் கை தட்டினாள். எல்லாவற்றிலும் என் குரல் கேட்கிறது. இங்க பாரு, அப்பாவப் பாரு, அப்பாக்குச் சிரிச்சிக் காட்டு. சோறு ஊட்டுகிற வீடியோவில் ஒரு கை வருகிறது, ரப்பர் வளையல் போட்ட என் கை. பத்துப் பன்னிரண்டு ஓடி முடிந்ததும் மெர்லின் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீங்க எங்கக்கா இதுல?"

நான் எடுத்தேன், நான் எப்படி இருப்பேன் என்றேன். பிரின்ஸ்டன் கீழே வரைக்கும் ஓட்டிக்கொண்டே போனான். படம் படமாகப் போகிறது. பிள்ளை, பிள்ளை, தரை, பிள்ளை. இருநூற்றுப் பதின்மூன்றில் ஒன்றில்கூட நான் இல்லை. பதினோரு மாசமாக இந்த மனுஷர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் இது தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று கோபம் வந்தது, ஐந்து நிமிஷத்தில் அவர்தான் எதைக் கேட்பார் என்று அந்தக் கோபத்துக்கு நானே பதிலும் சொன்னேன். 

மெர்லின் என் கைப்பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். "எந்திரிங்க. பிள்ள நடந்தது இதுல இல்லன்னுதான வருத்தம். இங்க நடக்க விடுங்க, நீங்க அந்தப் பக்கம் நின்னு கூப்பிடுங்க, ரெண்டு பேரையும் எடுக்கேன்." தலை சீவவில்லை மெர்லின் என்றேன். கப்பல்ல யாரு சீவுதா என்றாள். ஆன்சியைச் சுவரைப் பிடிக்க வைத்து நிறுத்தி, எதிர்ப்பக்கம் போய்க் கையை நீட்டினேன். வாடி, நேத்து வந்தியே, வா. அவள் என்னைப் பார்த்தாள், மெர்லினைப் பார்த்தாள், சாவகாசமாகத் தரையில் உட்கார்ந்து ஒரு மக்ரூன் பொட்டலத்தின் மூலையைச் சப்ப ஆரம்பித்தாள். தூக்கி நிறுத்தினேன், உட்கார்ந்தாள். பிரின்ஸ்டன் சாவியை ஆட்டினான், பார்த்துவிட்டு மறுபடி பொட்டலத்துக்குப் போனாள். வெளியே வேன் வந்து ஹார்ன் அடித்தது. காப்பி பண்ணவும் நேரம் வேணும் மதினி என்றான் அவன்.

"ஓடுதா மெர்லின்?"

"ஓடுது."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். சுவரைப் பிடித்து நின்றேன். கையை விட்டேன். "இப்படித்தாங்க நடந்தா ஒங்க மக" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கி, வயிற்றைத் தள்ளி, முழங்காலை மடக்காமல் ஒன்று வைத்தேன். வாயை அவள் மாதிரியே பிளந்துகொண்டு இரண்டு, மூன்று. நாலாவதில் அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள், நானும் சாய்ந்தேன். பிரின்ஸ்டன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டான். ஆன்சி பொட்டலத்தை விட்டுவிட்டு, இந்தப் பெரிய பிள்ளை யார் என்று என்னையே பார்த்தாள். எட்டாவதில் தொப்பென்று கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நிஜமாகவே வலித்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்து முடித்து நிமிர்ந்தால் கேமரா இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் இருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

"பிள்ள நல்லாருக்கா" என்றேன்.  முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டேன். "நானும் நல்லாருக்கேன். என்னையும் நல்லாப் பாத்துக்கோங்க."